ஒற்றை இருக்கை பிட்ஸ்: முதல் நாளே தனியாகத்தான் பறந்தாக வேண்டும்

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். செஸ்னா 172-இல் 200 மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். சிட்டாப்ரியா என்ற இரட்டை இருக்கை விமானத்தில் பழகி, டெயில்வீல் (வாலடியில் சின்னச் சக்கரம் உள்ள) விமானம் ஓட்டலாம் என்று பயிற்சியாளரின் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். இப்போது நண்பரும் நானும் பங்கு போட்டு ஒரு பிட்ஸ் எஸ்-1எஸ் வாங்கியிருக்கிறோம், சாகசப் பறப்புக்கான ஒற்றை இருக்கை குட்டி விமானம். பயிற்சியாளர் கூட உட்கார இடமில்லை. எப்படித் தயாராவது?

பதில்: சட்டப்படி நீங்கள் நாளைக்கே ஏறலாம். அமெரிக்க விதி 61.31-க்கு அந்தக் கையெழுத்து போதும். எந்த டெயில்வீல் விமானத்தில் பழகினீர்கள் என்று அது கேட்பதில்லை. இன்சூரன்ஸ்காரர் கட்டாயம் கேட்பார். அவர் கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

வானத்தில் குட்டிக்கரணம் போடுவது பிட்ஸுக்குப் பிறவிக் குணம். வம்பெல்லாம் தரையில்தான். டெயில்வீல் விமானங்களில் எடை மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், மூக்கு கொஞ்சம் திரும்பினாலும் வால் முந்திக்கொள்ளப் பார்க்கும். சிட்டாப்ரியாவில் அதைத் திருத்த அவகாசம் கிடைக்கும். குட்டையான பிட்ஸில் கால் யோசிக்காமலே வேலை செய்தாக வேண்டும். போதாக்குறைக்கு, மூன்று சக்கரமும் தரை தொடும் நிலையில் முன்னால் ரன்வேயே தெரியாது. இருபக்க ஓரங்களையும் கடைக்கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும்.

ஆகவே முதலில் இரட்டை இருக்கை பிட்ஸ் எஸ்-2பி அல்லது எஸ்-2சி வைத்திருக்கும் பயிற்சியாளரைத் தேடுங்கள். பின் இருக்கை உங்களுக்கு. முன்னே ஒருவர் உட்கார்ந்து பார்வையை மறைப்பது நல்ல பயிற்சிதான். சாகசத்தைவிடத் தரையிறக்கத்துக்கே அதிக நேரம் கொடுங்கள். ஸ்பின்னிலிருந்து (விமானம் சுழன்றபடி கீழே விழுவது) மீள்வதை, தலைகீழ் ஸ்பின் உட்பட, அவர் கூட இருக்கும்போதே பழகிவிடுங்கள்.

பிறகு ஹேங்கரில் உங்கள் விமானத்தில் சும்மா உட்காருங்கள். அடிவானம் எஞ்சின் மூடியின் இரு பக்கமும் எங்கே வெட்டுகிறது என்று மனதில் பதியவையுங்கள். இறங்கும்போது தேட வேண்டிய காட்சி அதுதான். பாராசூட்டை மாட்டிக்கொண்டே உட்காருங்கள். தனியாகப் பறப்பவருக்குச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. நான் கட்டாயம் என்பேன். அது முதுகைத் தள்ளியதும் முழங்கால் எங்கே இடிக்கிறது, மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டர் பெடல் கடைசிவரை போகிறதா, கையால் ஓட்டும் ஸ்டிக் முழுசாகப் பின்னால் வருகிறதா என்று பாருங்கள். தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியான கேனப்பியைத் திறந்து, பெல்ட்டை அவிழ்த்து, ஹெட்செட் வயரோடு சிக்காமல் வெளியேறியும் பாருங்கள். ஏறுமுன் பாக்கெட்டைக் காலி செய்யுங்கள். தலைகீழாகும்போது விழுந்த ஒரு பேனா ஸ்டிக்கின் அடியில் சிக்கினால் போதும், கதை கந்தலாகிவிடும்.

முதல் பறப்புக்குக் குறுக்குக் காற்று இல்லாத காலைப் பொழுது வேண்டும். புல் ரன்வே கிடைத்தால் இன்னும் நல்லது, தார்த்தளம் அளவுக்குச் சக்கரத்தைக் கவ்வாது. எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை நிதானமாகத் தள்ளுங்கள். வால் எழும்போது மூக்கு இடது பக்கம் இழுக்கும், வலது கால் தயாராக இருக்கட்டும். ரன்வேயில் வேகமாக ஓட்டிப் பழகிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பறக்கவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல் இருக்கும் அந்த வேகத்தில்தான் விமானம் சுழன்றுவிடும்.

மேலே போனதும் சாகசம் வேண்டாம். வேகத்தைக் குறைத்து, இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் ஸ்டால் நிலைக்குக் கொண்டுபோய், அப்போது உங்கள் வேகமானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் 1.3 மடங்கில் இறங்க வாருங்கள். மனதுக்குச் சரியாகப் படவில்லையா, த்ராட்டிலைத் தள்ளி இன்னொரு சுற்றுப் போங்கள். சாகசத்துக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச உயரம் 1500 அடி. தொடக்கத்தில் 4000 அடிக்குக் கீழே நான் விடமாட்டேன்.

பங்காளி விஷயமும் உண்டு. ஓட்டுபவர் எடை மையத்துக்குப் பின்னால் உட்காருவதால், கனத்த ஆளும் பாராசூட்டும் சேர்ந்தால் மையம் பின்னுக்குப் போகும், ஸ்பின்னிலிருந்து மீள்வது கடினமாகும். இருவருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். இருக்கை மெத்தையும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மெத்தையில் நீங்கள் உட்கார்ந்தால் ஹேங்கரில் பழகிய அடிவானம் இடம் மாறிவிடும்.