இறந்தது ஓரிடம், புதைத்தது ஓரிடம், இப்போது இருப்பது ஓரிடம்

(சென்ற இதழில், அமெரிக்கத் துணை அதிபர்களின் கல்லறைகள் பற்றிய ஒரு கேள்விக்கு, ‘கிரவுன் ஹில் என்ற ஒரே கல்லறைத் தோட்டத்தில் ஓர் அதிபரும் மூன்று துணை அதிபர்களும் இருக்கிறார்கள்’ என்று இரண்டே வரியில் பதில் சொல்லியிருந்தோம். போதவில்லை என்று வந்த கேள்விகளுக்கு விடைகள் இங்கே.)

? ஒரே கல்லறைத் தோட்டத்தில் ஓர் அதிபரும் மூன்று துணை அதிபர்களுமா? நம்பும்படி இல்லையே! – வாசகர், திண்டுக்கல்

நம்பலாம். இண்டியானா மாநிலம், மேரியன் கவுன்டி (நம் மாவட்டம் போன்றது), இண்டியானாபொலிஸ் நகரிலுள்ள கிரவுன் ஹில்தான் அந்த இடம். 1863-ல் தொடங்கி, 1864 ஜூனில் முதல் அடக்கம் நடந்தது. பரப்பு 555 ஏக்கர். 23-வது அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் 1901-லிருந்து இங்கே இருக்கிறார். அவருடைய இரண்டு மனைவியரும் இங்கேதான். முதல் மனைவி கரோலின், 1892-ல் வெள்ளை மாளிகையிலேயே இறந்தவர். இரண்டாவது மனைவி மேரி, கரோலினின் அக்காள் மகள். இந்தத் திருமணத்துக்கு ஹாரிசனின் பிள்ளைகள் வரவே இல்லை.

துணை அதிபர்கள் தாமஸ் ஹெண்ட்ரிக்ஸ், சார்லஸ் ஃபேர்பேங்க்ஸ், தாமஸ் மார்ஷல். 1916 தேர்தலில் உட்ரோ வில்சனோடு துணை அதிபர் பதவிக்கு நின்றவர் மார்ஷல். எதிரணியில் அதே பதவிக்கு நின்றவர் ஃபேர்பேங்க்ஸ். வென்றவரும் தோற்றவரும் இப்போது ஒரே மதிலுக்குள்.

? அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் எப்படி இத்தனை வாய்ப்பு? – வாசகர், சிதம்பரம்

ராசி ஒன்றுமில்லை, கணக்குதான். 1870, 80-களில் இண்டியானா எந்தக் கட்சிக்கும் உறுதியில்லாத மாநிலம். அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களுக்கு உள்ள தேர்வாளர் வாக்குகளில் 15 அதன் கையில். 1880 வரை மாநிலத் தேர்தலை அக்டோபரிலேயே நடத்தினார்கள். நவம்பரில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று நாடே அதைப் பார்த்துச் சொல்லும். ஆகவே நியூயார்க்கிலிருந்து அதிபர் வேட்பாளர் என்றால், இரண்டாமிடத்துக்கு ஓர் இண்டியானாக்காரர். தோற்றவர்களையும் சேர்த்தால் பட்டியல் நீளும்: 1852-ல், அடிமை முறை புதிய பகுதிகளுக்குப் பரவுவதை எதிர்த்த ஃப்ரீ சாயில் கட்சிக்காக நின்ற ஜார்ஜ் ஜூலியன், 1880-ல் வில்லியம் இங்லிஷ், 1908-ல் ஜான் கெர்ன். மூவரும் கிரவுன் ஹில்லில்தான்.

ஹெண்ட்ரிக்ஸின் சாவு சட்டத்தையே மாற்றியது. 1885 மார்ச்சில் பதவியேற்றவர், நவம்பர் 25 அன்று சொந்த ஊரில் இறந்தார். அப்போது மேலவையான செனட்டுக்கு இடைக்காலத் தலைவர் இல்லை, கீழவைக்குச் சபாநாயகரும் இல்லை. அதிபர் கிளீவ்லண்டுக்கு ஏதாவது நேர்ந்தால் அடுத்தவர் என்று யாருமில்லை. அந்த அச்சத்தில், பயணம் வேண்டாம் என்று கிளீவ்லண்டைத் தடுத்துவிட்டார்கள். தன் துணை அதிபரின் அடக்கத்துக்கே அவர் போகவில்லை. 1886-ல் அமைச்சர்களை வரிசையில் வைத்துப் புதிய வாரிசுச் சட்டம் வந்தது.

? ஜான் கெர்ன் வர்ஜீனியாவில் அடக்கம் என்று ஒரு பழைய புத்தகத்தில் படித்தேன். நீங்கள் இண்டியானாபொலிஸ் என்கிறீர்கள். எது சரி? – வாசகர், ஈரோடு

இரண்டும் சரி, காலம்தான் வேறு. 1917-ல் வட கரோலினாவின் ஆஷ்வில்லில் இறந்தார். வர்ஜீனியாவில் ஹாலின்ஸ் அருகே தன் சொந்தத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார். 1929-ல் தோண்டியெடுத்து கிரவுன் ஹில்லுக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் புத்தகம் அதற்கு முன் அச்சானதாக இருக்கும்.

தலைவர்களின் கல்லறைகளைத் தேடி இறங்குகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். மேரியன் கவுன்டிக்கு ஓர் எளிய உரைகல் உண்டு. இறந்த ஆண்டு 1864-க்கு முந்தியது, கல்லறை கிரவுன் ஹில்லில் என்றால், அது அவருடைய முதல் கல்லறை அல்ல. ஆளுநர் நோவா நோபிள் இறந்தது 1844-ல், ஆளுநர் டேவிட் வாலஸ் 1859-ல். இருவரும் பிறகு மாற்றப்பட்டவர்கள். அந்தக் காலத்தில் நகரத்தின் முக்கியக் கல்லறைத் தோட்டம் ஒயிட் ஆற்றங்கரையிலிருந்த கிரீன்லான். அது நிரம்பி, கைவிடப்பட்டு, மேலே ரயில் பாதையும் தொழிற்சாலையும் எழுந்தன. வசதியுள்ள குடும்பங்கள் தங்கள் பெரியவர்களை எடுத்துக்கொண்டு போயின. கேட்க ஆளில்லாதவர்கள் அங்கேயே தங்கினார்கள். அண்மைக் காலம் வரை அங்கே மண்ணைத் தோண்டினால் எலும்பு வருகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் போர்க்கைதிகளாக இருந்து இறந்த 1,616 தென்மாநில வீரர்களின் எச்சங்களும் 1931-ல் கிரீன்லானிலிருந்து கிரவுன் ஹில்லுக்கு வந்தவைதான்.

சறுக்கும் இன்னோர் இடம்: வாஷிங்டனிலுள்ள காங்கிரஷனல் கல்லறைத் தோட்டம். 19-ம் நூற்றாண்டில் பதவியில் இருக்கும்போது இறந்த காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர்களுக்கு அங்கே வரிசையாக ஒரே மாதிரி நினைவுக் கற்கள் நட்டார்கள். பல கற்களுக்கு அடியில் யாருமில்லை. கல்லின் படத்தை மட்டும் பார்த்து ‘இங்கே அடக்கம்’ என்று எழுதிவிடாதீர்கள்.

? மகன் இண்டியானாபொலிஸில் இருக்கிறான். கோடையில் போகிறோம். ஒரு தலைவரின் கல்லறையை நாங்களே கண்டுபிடிப்பது எப்படி? – வாசகர், கோவை

காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர் என்றால் நாடாளுமன்றத்தின் வாழ்க்கைக் குறிப்பு அகராதியில் தொடங்குங்கள். இணையத்தில் இலவசம். ஒவ்வொரு குறிப்பின் கடைசி வரியில் அடக்கமான இடம் இருக்கும். மறு அடக்கம் நடந்திருந்தால் அதுவும். மேயர், மாநில சட்டமன்ற உறுப்பினர் போன்றவர்கள் அதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு இறப்புப் பதிவைத்தான் தேட வேண்டும். இண்டியானாவில் கவுன்டி அளவிலான பதிவு 1882-லும், மாநில அளவிலான பதிவு 1899 கடைசியிலும் தொடங்கின. அதற்கு முந்தியவர் என்றால் பழைய செய்தித்தாளின் இரங்கல் செய்தியே கதி. இறந்த மறுநாள் இதழோடு நிறுத்தாமல் அடுத்த ஒரு வாரத்தைப் புரட்டுங்கள். இறந்த சேதியில் ‘அடக்கம் பின்னர்’ என்று முடித்திருப்பார்கள்; ஊர்வலச் செய்தியில்தான் இடம் வரும்.

பெயர் மட்டும் போதாது, செக்‌ஷன் எண்ணும் லாட் எண்ணும் வேண்டும். ஹாரிசனுக்கு செக்‌ஷன் 13, லாட் 57. மற்றவர்களுக்கு மேற்கு 38-வது தெருவிலுள்ள அலுவலகத்தில் முழுப் பெயரும் இறந்த ஆண்டும் எழுதிக் கொடுத்து, வரைபடத்தில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். 38-வது தெரு தோட்டத்தை இரண்டாக வெட்டுகிறது. வடக்கா தெற்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், 555 ஏக்கரில் தவறான பாதியில் நடந்தால் அரை நாள் போய்விடும். கையில் எடுத்த எண் ஒருவருடையதா, குடும்பத்துடையதா என்றும் பாருங்கள். லாட் என்பது பெரும்பாலும் குடும்ப மனை. நடுவில் நிற்கும் பெரிய கல்லில் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். ஆளின் பெயர் சுற்றியுள்ள சின்னக் கற்களில்.

? அதிபர் ஹாரிசன் தன் தாத்தாவின் பக்கத்தில் ஏன் அடக்கமாகவில்லை? – வாசகர், தஞ்சாவூர்

தாத்தா வில்லியம் ஹென்றி ஹாரிசனும் அதிபர்தான். அவருடைய சமாதி ஓஹையோவின் ஹாமில்டன் கவுன்டியில், நார்த் பெண்ட் ஊரில் இருக்கிறது. பெஞ்சமின் வக்கீல் தொழிலுக்கு இண்டியானாபொலிஸ் வந்து, அங்கேயே வேர்விட்டவர். மனைவியை அடக்கம் செய்ததும் அங்கேதான்.

அந்த நார்த் பெண்டில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பெஞ்சமினின் தந்தை ஜான் ஸ்காட் ஹாரிசன் 1878 மே மாதம் இறந்தார். மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிணம் திருடி விற்பவர்கள் நடமாடிய காலம். அடக்கத்தன்றே பக்கத்தில் ஓர் இளைஞரின் குழியிலிருந்து உடல் திருடப்பட்டிருப்பது தெரிந்தது. மகன்கள் தந்தையின் குழியைச் செங்கல்லால் கட்டி, மேலே பெருங்கற்களை ஏற்றி, காவலும் போட்டார்கள். மறுநாள் இளைய மகன் ஜான், அந்த இளைஞரின் உடலைத் தேடிப் போலீசோடு சின்சினாட்டியின் ஓஹையோ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். ஒரு சுரங்கக் குழாயில் கயிறு விறைப்பாகத் தொங்கியது. இழுத்தார்கள். வந்தது கிழவரின் உடல், நாம் தேடுவது இவரல்ல என்று திரும்பப் போனவர்கள், முகத்துணியை விலக்கினார்கள். ஜானின் சொந்தத் தந்தை! இளைஞரின் உடல் பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், உப்புநீர்த் தொட்டியில் கிடைத்தது. 1881-ல் ஓஹையோ, கேட்பாரற்ற உடல்களைக் கல்லூரிகளுக்கு முறைப்படி கொடுக்கச் சட்டம் செய்தது.

? ரிச்சர்ட் லூகர் பெயரைக் காணோமே? – வாசகர், வேலூர்

இண்டியானாபொலிஸ் மேயராகவும் 36 ஆண்டுகள் செனட்டராகவும் இருந்தாலும், 2019-ல் அடக்கமானது வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில். கடற்படையில் பணியாற்றியவர். துணை அதிபர் ஸ்கைலர் கோல்ஃபாக்ஸும் இண்டியானாக்காரர்தான், ஆனால் சவுத் பெண்ட், செயின்ட் ஜோசப் கவுன்டி.

? கிரவுன் ஹில்லில் கூட்டம் அதிகம் எந்தத் தலைவருக்கு? – வாசகர், நாகர்கோவில்

தலைவருக்கு அல்ல, வங்கிக் கொள்ளைக்காரன் ஜான் டில்லிஞ்சருக்கு. செக்‌ஷன் 44, லாட் 94. உடலை யாரும் திருடிவிடக் கூடாது என்று தந்தை மேலே கான்கிரீட் போட்டு வைத்தார். நினைவுப் பொருளாகச் சில்லுச் சில்லாக உடைத்துக்கொண்டு போகிறார்கள் என்பதால் கல்லைத்தான் பலமுறை மாற்ற வேண்டியதாயிற்று.