விலை குறைந்தாலும் படகின் நீளம் 26 அடிதான்

கேள்வி: வல்வெட்டித்துறையில் பிறந்தவன் நான். 24 வருடங்களாகச் சவுத்தாம்ப்டனில் வசிக்கிறேன். வயது 52. என் அப்பப்பா பாய்க்கப்பலில் தொழில் செய்தவர். இங்கே இச்சன் ஆற்றங்கரையில், 1975இல் கட்டப்பட்ட ‘வெஸ்டர்லி சென்டோர்’ பாய்மரப் படகு ஒன்று 3,000 பவுணுக்கு விலைக்கு நிற்கிறது. ஒரு பழைய காரின் விலைதான். என்றாவது அதில் பிரான்ஸின் ஷேர்பூர் வரை போய்வர வேண்டும் என்று ஆசை. “காசைக் கடலில் கொட்டப் போகிறீர்களா?” என்று மனைவி கேட்கிறார். வாங்கலாமா?

அன்பின் சகோதரருக்கு,

உங்கள் ஆசைக்குக் குறுக்கே நிற்க எனக்கு மனம் வரவில்லை. அன்னபூரணியைக் கட்டிய ஊர் உங்களுடையது. அந்தப் பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்க, உங்கள் ஊர் மாலுமிகளோடு அது 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. அதுவும் கைமாறிய கப்பல்தான். கைமாறியது என்பதற்காக ஒரு படகை ஒதுக்க வேண்டியதில்லை.

சவுத்தாம்ப்டனை அடுத்த சொலண்ட் நீரிணையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாயை மட்டும் நம்பிப் போன முதல் நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதிர்வு அடங்கியதும் படகின் பக்கத்தை உரசிக்கொண்டு ஓடும் தண்ணீரின் சத்தம் மட்டும் மிஞ்சியது. சுக்கான் பிடியில் கடலின் இழுப்பு உள்ளங்கைக்கு வந்தது. அந்த உணர்வுக்காக ஒருவர் செலவழிக்கும் பணத்தை வீண் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். எவ்வளவு செலவாகும் என்று தெரிந்துகொண்டு செலவழியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஐம்பது வருடங்களில் அந்தப் படகின் விலை குறைந்திருக்கிறது. நீளம் குறையவில்லை. படகைக் கட்டி நிறுத்தும் இடத்துக்கு மரீனாக்காரர் மீட்டர் கணக்கில்தான் வாடகை கேட்பார். கரையேற்றும் கிரேனுக்கும், அடிப்பூச்சுக்கும், புதிய பாய்க்கும் அதே கணக்குத்தான். நீங்கள் 3,000 பவுணுக்கு வாங்கினீர்களா, 30,000 பவுணுக்கு வாங்கினீர்களா என்று அவர்களில் யாரும் கேட்கப் போவதில்லை. சொலண்ட் கரையில் 26 அடிப் படகுக்கு ஒரு வருட மரீனா வாடகையே நீங்கள் சொல்லும் விலையைத் தாண்டிவிடக்கூடும். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுச் செலவுக்கு ஒதுக்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். மலிவான பழைய படகுக்கு அந்தக் கணக்கு சற்றும் பொருந்தாது. அதை நம்பிக் கையெழுத்திடாதீர்கள்.

சென்டோர் நல்ல படகு. 1969 முதல் 1980 வரை இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். கனத்த ஃபைபர்கிளாஸ் உடல், அடியில் ஒன்றுக்கு இரண்டு ஏரா, அதாவது படகின் அடியிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் கனமான தகடு. வற்று நேரத்தில், கடல் நீர் இறங்கிய பின், சேற்றில் சாயாமல் நிமிர்ந்து நிற்கும். ஆனால் எத்தனை நல்ல படகானாலும் அரை நூற்றாண்டு தண்ணீரில் கிடந்தால் அதன் அடையாளம் இருக்கும். ஃபைபர்கிளாஸுக்குள் ஈரம் ஊறி, மேற்பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஒரு கொப்புளத்தைக் குத்தினால் வினிகர் வாடையோடு நீர் கசியும். இதை ஒஸ்மோசிஸ் என்பார்கள். பெரும்பாலும் இதனால் படகு மூழ்காது. பேரம் பேச உதவும். அதைவிட, அந்த இரண்டு ஏராக்களும் உடலோடு சேரும் இடத்தை உள்ளிருந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வெடிப்பு இருக்கிறதா, முன்பு யாராவது வலுவூட்டியிருக்கிறார்களா என்பது மிக முக்கியம்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. என் முதல் படகில் கைகழுவும் தொட்டியின் கீழே, உள்ளங்கை அளவில் ஒரு கடல்நீர் வால்வு இருந்தது. பார்வைக்குப் பித்தளை, பளபளப்பும் இருந்தது. படகைப் பரிசோதிக்க வந்த சர்வேயர் பேனாக்கத்தியால் அதை லேசாகச் சுரண்டினார். உள்ளே கொய்யாப்பழச் சதையின் இளஞ்சிவப்பு நிறம். பித்தளையிலிருந்த துத்தநாகத்தைக் கடல்நீர் தின்றுவிட்டது, மிஞ்சியது பொடியும் செம்பு என்று விளக்கினார். சிறு சுத்தியலால் தட்டியதும் அது உடைந்து தரையில் விழுந்தது. படகு அப்போது கரையில் நின்றதால் பிழைத்தோம். தண்ணீரில் இருந்திருந்தால் அந்தத் துளை வழியே கடல் உள்ளே வந்திருக்கும். நான் சர்வேயருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பவுண்கூட வீணாகவில்லை.

அதனால், படகைக் கரையேற்றி, நீங்களே அமர்த்தும் சர்வேயர் பார்த்த பிறகுதான் வாங்குவேன் என்று விற்பவரிடம் எழுத்தில் சொல்லுங்கள். இந்த வயதுப் படகுக்குக் காப்புறுதி நிறுவனங்களும் அந்த அறிக்கையைக் கேட்பது வழக்கம். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்றும் கேட்பார்கள். பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். டீசல் இயந்திரம் பழையதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. புதியது வாங்கிப் பொருத்தும் செலவு அந்தப் படகின் விலையைப் போல இரண்டு, மூன்று மடங்காகலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 3,000 பவுண் படகை விட்டுவிட்டு, அதே சென்டோர் வகையில் இயந்திரமும் கம்பிகளும் புதுப்பித்த ஒன்றை, இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்தாவது தேடுவேன். படகைப் புதுப்பித்தவர் அதை விற்கும்போது, போட்ட பணம் முழுதும் அவருக்குத் திரும்பி வருவதில்லை. அவர் போட்ட பணத்தின் பலன் அடுத்து வாங்குபவருக்குப் போகிறது. அந்த அடுத்தவராக நீங்கள் இருங்கள். பொழுது கடலில் கழியும். இல்லாவிட்டால் சனிக்கிழமைகளெல்லாம் இயந்திரக் குழிக்குள் குனிந்தபடியே போய்விடும்.

பத்திரங்களில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சிறு கலங்களுக்கான பதிவேட்டில் பெயர் இருந்தால் அவர்தான் உரிமையாளர் என்று ஆகிவிடாது. பழைய விற்பனைப் பத்திரங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது. அவரிடம் படகின் விலையைச் சொல்லாதீர்கள், ஒரு வருடச் செலவைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். கட்டுமிடம், காப்புறுதி, கரையேற்றம், அடிப்பூச்சு, எதிர்பாராத பழுது. அந்தத் தாளைப் பார்த்த பிறகும் அவர் சரி என்றால் அது உண்மையான சம்மதம். முடிந்தால் இந்தக் கோடையில் ஒரு கிளப்பில் சேர்ந்து மற்றவர் படகில் கைகொடுங்கள். அவரையும் ஒருநாள் அழைத்துப் போங்கள். காற்று எதிர்த்து வரும்போது படகு சாய்வதை அவர் ரசிக்கிறாரா, பயப்படுகிறாரா என்று வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

விற்பவருக்குத் தொலைபேசி எடுக்கும் முன் சிச்செஸ்டர், லாங்ஸ்டன் துறைமுக அலுவலகங்களை அழையுங்கள். வற்றில் காய்ந்துவிடும் ஓடைகளில் கட்டுமிடம் இருக்கிறதா, காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். அத்தகைய இடங்கள் மரீனாவைவிடப் பலமடங்கு மலிவு, இரண்டு ஏரா உள்ள படகுக்கு அது போதும். இடம் உறுதியான பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்; சர்வேயரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதி அனுப்புகிறேன்.