டி டிரைவைக் காணோம்!

கேள்வி: எங்கள் நெல் கடை கம்ப்யூட்டரில் விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். இப்போது சி டிரைவ் மட்டும்தான் தெரிகிறது. குறுவை கொள்முதல் கணக்கு முழுக்க டி-யில் இருந்தது. என்ன செய்வது?
- வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில், எது கேட்டாலும் ஃபார்மேட் மட்டும் கொடுக்காதீர்கள், புது ஃபைல் எதையும் அந்த டிஸ்க்கில் சேமிக்கவும் வேண்டாம், ஏனென்றால் ஹார்ட் டிஸ்க்கில் பார்ட்டிஷன் அட்டவணை (சி, டி என்று பிரித்த பகுதிகள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு) அழிந்தாலும் மேலே வேறொன்று எழுதப்படும் வரை உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் இந்த நம்பிக்கை குறைவுதான்.

விண்டோஸ் பட்டனோடு எக்ஸ் அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். பார்ட்டிஷன் இருக்கிறது, டிரைவ் எழுத்து மட்டும் இல்லை என்றால் ரைட் கிளிக் செய்து டி என்று கொடுங்கள், முடிந்தது. அன்அலோகேட்டட் (ஒதுக்கப்படாத இடம்) என்று கறுப்புப் பட்டையாக நின்றால்தான் வேலை அதிகம். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, பென்டிரைவிலிருந்து ஓட்டித் தேடுங்கள். பழைய பார்ட்டிஷன் அகப்பட்டதும் பி (P) அழுத்தினால் ஃபைல் பட்டியல் வரும். கணக்கு தெரிந்தால் உடனே அதை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள், அப்புறம் ரைட் (Write) கொடுத்து அட்டவணையைச் சரிசெய்யலாம். டிஸ்க்கே கடகடவென்று சத்தம் போட்டால் உடனே அணைத்துவிட்டு, டேட்டா மீட்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.