பாலியல் தொழில் செய்யும் பெண்ணுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்தால் குற்றமா?

ராயபுரத்தில் வீடு வைத்திருப்பவர் கேட்ட கேள்வி இது. அந்தப் பெண் குடியிருக்க மட்டும் வீட்டைக் கொடுத்தால் குற்றமே இல்லை.

பாலியல் தொழில் தொடர்பான 1956 சட்டம் (ITPA) தண்டிப்பது பாலியல் தொழில் விடுதி நடத்துவதை, தெரிந்தே அதற்கு இடம் கொடுப்பதை. விடுதி என்றால் இன்னொருவர் லாபத்துக்கோ, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாலியல் தொழிலாளர்கள் சேர்ந்து தங்கள் லாபத்துக்கோ நடத்தும் இடம். சிக்கல் 7-வது பிரிவில்தான். கோயில், பள்ளி, மருத்துவமனையிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடந்தால் குற்றம். தெருமுனையில் அம்மன் கோயில், அடுத்த சந்தில் மாதா கோயில், எதிரே மாநகராட்சிப் பள்ளி என்றிருக்கும் வடசென்னையில் 200 மீட்டருக்கு வெளியே எந்த வீடு இருக்கிறது? அதனால்தான் வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். குடியிருக்க வருபவரையும் சேர்த்தே விரட்டுகிறார்கள். அது அநியாயம்.

4-வது பிரிவு இன்னும் கொடுமை: அந்தப் பெண்ணின் வருமானத்தில் சாப்பிடும் வயதான தாய்மேலும், 18 வயது தாண்டிய பிள்ளைமேலும் வழக்கு பாயலாம்.

2022 மே 19-ல் உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளர்களுக்கும் கண்ணியமாக வாழும் உரிமை உண்டு என்றது. அவர்களிடம் முகவரிச் சான்று இல்லாவிட்டாலும், மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத் திட்ட இயக்குநர் சான்றளித்தால் ஆதார் கிடைக்கும். அட்டையில் தொழில் தெரியாது. வாடகை ஒப்பந்தத்துக்கு அந்த ஆதாரே போதும். தொழிலைக் கேட்டு அட்வான்ஸைக் கூட்டாதீர்கள்.