எபிரேயம் தெரிந்தால் போதுமா?

கேள்வி: யூதச் சிந்தனை வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்யப்போகிறேன். நவீன எபிரேயம் நன்றாகப் படிப்பேன். அது போதுமா?

பதில்: யாரை ஆராயப்போகிறீர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! இடைக்கால யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடிஸ் (1138–1204) என்றால் போதாது. ‘திகைத்தோருக்கு வழிகாட்டி’ என்ற அவருடைய தத்துவ நூல் அரபு மொழியில், எபிரேய எழுத்தில் எழுதப்பட்டது. அரபுக்கு 28 எழுத்து, எபிரேயத்துக்கு 22. பற்றாக்குறையைச் சமாளிக்க எழுத்தின் மேல் புள்ளி வைத்தார்கள். ‘ட்ஸாதி’ என்ற எபிரேய எழுத்து வெறுமனே நின்றால் அரபு எழுத்து ஸாத். மேலே புள்ளி இருந்தால் ளாத். கையெழுத்துப் படிகளில் அந்தப் புள்ளி பல இடங்களில் இருக்காது; சொல்லையே இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். ஓலைச்சுவடியில் புள்ளியில்லாத மெய்யெழுத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது புதிதல்ல.

எபிரேய மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்பீர்கள். ஒன்றல்ல, இரண்டு. சாமுவேல் இப்ன் திப்போன் 1204-இல் முடித்தது மூலத்தை ஒட்டியே நடக்கும், கொஞ்சம் கரடுமுரடு. அல்ஹரிஸியினுடையது படிக்கச் சுகம். தத்துவக் கலைச்சொற்களை நம்பி எடுக்க முடியாது. ஆனால் 13-ஆம் நூற்றாண்டு லத்தீன் மொழிபெயர்ப்பு இதிலிருந்துதான் வந்தது. ஆகவே மைமோனிடிஸ் என்ன நினைத்தார் என்பது உங்கள் கேள்வியானால் அரபு மூலம். பிற்கால யூத அறிஞர்கள் அவரை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்றால் பெரும்பாலும் திப்போன். கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எதைப் படித்தார் என்றால் லத்தீன். மூன்றையும் கலந்து மேற்கோள் காட்டினால் வாய்மொழித் தேர்வில் அங்கேதான் பிடிப்பார்கள்.

19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் யூதவியல் என்றால் ஜெர்மனோடு ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்தும் பழக வேண்டும். அதில் நீள ‘எஸ்’ஸும் ‘எஃப்’பும் இரட்டைப் பிள்ளைகள். தத்துவ அறிஞர் ஸ்பினோசாவுக்கு லத்தீன். அவரை விலக்கிவைத்த 1656 ஜூலை 27 ஆணையோ ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகத்தின் பதிவேட்டில் போர்த்துகீசிய மொழியில் இருக்கிறது.

கேள்வி: பழைய எபிரேய நூலின் முகப்பில் ஆண்டு எண்ணாக இல்லை, எழுத்துகளாக இருக்கிறது. எப்படிக் கணக்கிடுவது?

பதில்: ஒவ்வொரு எழுத்துக்கும் எண் மதிப்பு உண்டு. தவ், ரேஷ், லமெத், ஹேத் என்று இருந்தால் 400 + 200 + 30 + 8 = 638. யூத ஆண்டு 5638-இல் 5000-ஐ வழக்கமாக விட்டுவிடுவார்கள். எஞ்சியதோடு 1240-ஐக் கூட்டுங்கள்: 1878. இத்தோடு நிறுத்தினால் ஓராண்டு பிசகலாம். யூதப் புத்தாண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறப்பதால், புத்தாண்டுக்கும் டிசம்பர் முடிவுக்கும் இடையே அச்சான நூல் 1877-ஐச் சேர்ந்தது. மாதம் தெரியாவிட்டால் 1877/78 என்றே எழுதுங்கள். நூலகப் பட்டியல் ஒற்றை ஆண்டு சொன்னாலும் முகப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சில அச்சகத்தார் ஆண்டை ஒரு வேத வசனத்துக்குள் ஒளித்துவைப்பார்கள். அங்கே பெரிதாக அச்சான அல்லது குறியிட்ட எழுத்துகளை மட்டும் கூட்ட வேண்டும். முழு வசனத்தையும் கூட்டினால் இன்னும் பிறக்காத நூற்றாண்டு வரும்.

கேள்வி: தால்முத் (யூதச் சட்ட விவாதத் தொகுப்பு) நூலில் தாள் எண் இரண்டிலிருந்து தொடங்குகிறது. முதல் தாள் கிழிந்துவிட்டதா?

பதில்: இல்லை. முகப்புத் தாளே ஒன்று. எண் தாளுக்குத்தான், முன்பக்கம் அ, பின்பக்கம் ஆ. ‘பெராகோத் 2அ’ என்று பகுதியின் பெயரோடு தாள் எண்ணை எழுதினால் போதும், வெனிஸில் போம்பெர்க் 1520-களில் அச்சிட்ட அமைப்பையே பிறகு வந்தவர்களும் பின்பற்றியதால் பதிப்பு மாறினாலும் இடம் மாறாது. இது பாபிலோனியத் தால்முதுக்கு மட்டும். எருசலேம் தால்முதுக்கு அதிகாரம், பிரிவு எண்ணோடு எந்தப் பதிப்பு என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: ‘ராம்பாம்’, ‘ராம்பான்’ ஒருவரா?

பதில்: இருவர். மோஷே பென் மைமோன், அதாவது மேலே சொன்ன மைமோனிடிஸ், முன்னவர். மோஷே பென் நஹ்மான் (1194–1270) பின்னவர். கடைசி எழுத்து மட்டுமே வேறு என்பதால் குறிப்பெடுக்கும்போது கை தவறும். தோராவுக்கு (மோசேயின் ஐந்து நூல்களுக்கு) வரிசையாக எழுதிய உரையிலிருந்து மேற்கோள் என்றால் அது ராம்பான்.