கேம் விளையாடி வளர்ந்தவர்கள் கேட்ட கேள்விகள்

கேள்வி: அக்கா, நான் ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடியோ கேம்களைப் பார்த்துத்தான் வரையவே தொடங்கினேன். ஆனால் எதை வரைந்தாலும் அவற்றின் நகலாகவே வருகிறது. எப்படி மீள்வது?

பதில்: தம்பி, எல்லாரும் நகலெடுத்துத்தான் கை பழகுகிறோம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் கேமைப் பார்க்கிறீர்கள்; அதை உருவாக்கியவர் எதைப் பார்த்தார் என்று தேடுங்கள். 1986இல் வந்த ‘லெஜண்ட் ஆஃப் செல்டா’வுக்கு விதை, ஷிகெரு மியாமோட்டோ சிறுவயதில் கியோட்டோவுக்கு அருகே காடுமேடெல்லாம் சுற்றியதும், விளக்கை எடுத்துக்கொண்டு ஒரு குகைக்குள் நுழைந்ததும்தான். 1996இல் ‘போக்கிமான்’ பிறந்தது, சதோஷி தஜிரி பூச்சி பிடித்துத் திரிந்த நாட்களிலிருந்து. ஒரு மாதத்துக்கு வாளையும் கேடயத்தையும் ஒதுக்கி வையுங்கள். நீங்களும் சின்ன வயதில் எந்த இடத்தையாவது பயந்து பயந்து எட்டிப் பார்த்திருப்பீர்கள். அதை வரையுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய கணினி. இதை வைத்துக்கொண்டு கேம் செய்யக் கனவு காணலாமா?

பதில்: தாராளமாக. 1985இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ முழுவதும் ஏறத்தாழ 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. அதன் முதல் கட்டத்தை நிறுத்தி வைத்துப் பாருங்கள். மேலே மிதக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே வடிவம். ஒன்று வெள்ளை, மற்றொன்று பச்சை. இடம் போதாததால் செய்த சிக்கனம் அது. அதை முதன்முதலாகக் கவனித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

1978இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாடியிருக்கிறீர்களா? எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகம் பிடிக்கும். அதை உருவாக்கிய டொமோஹிரோ நிஷிகாடோ அப்படித் திட்டமிடவில்லை. திரையில் வரைய வேண்டியவை குறைந்ததும் கருவி விரைவாக ஓடியது. அவர் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார், ஆட்டத்தின் படபடப்பே அதில்தான் இருக்கிறது. உங்கள் கணினி எங்கே திணறுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தை வைத்தே ஒரு விதியை உருவாக்க முடியுமா என்று யோசியுங்கள்.

கேள்வி: நான் சிறுகதை எழுதுகிறேன். கேமிலிருந்து எழுத்துக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?

பதில்: ‘ஷேடோ ஆஃப் த கொலோசஸ்’ (2005) விளையாடுங்கள், அம்மா. பரந்த வெற்று நிலம், ஒரு குதிரை, 16 பேருருக்கள். வழியில் ஊர் இல்லை, சில்லறை எதிரிகள் இல்லை. தேவையற்றதைக் கழித்துக்கொண்டே போவது இதை உருவாக்கிய ஃபுமிட்டோ உவேடாவின் வழக்கம். முதல் பேருருவின் காலில் தொற்றி, ரோமத்தைப் பிடித்துத் தொங்கி, தலையில் ஏறி வாளைச் செருகினேன். அது சாய்ந்தபோது வெற்றி முழக்கம் கேட்கும் என்று காத்திருந்தேன்; ஒலித்ததோ துயர இசை. யாரைக் கொன்றேன், எதற்குக் கொன்றேன் என்று மனம் கனத்துவிட்டது. நாயகன் துக்கப்படுகிறான் என்று யாரும் வந்து சொல்லவில்லை, பாருங்கள். உங்கள் நாயகன் வெல்லும் காட்சி ஒன்றை எழுதுங்கள். அதில் மகிழ்ச்சி, வருத்தம் என்ற சொற்கள் இரண்டும் வரக்கூடாது.

கேள்வி: இசை மாணவன் நான். எதைக் கேட்பது?

பதில்: ‘ஜர்னி’ (2012). ஆஸ்டின் வின்டரியின் இசை. கேம் இசைத்தொகுப்பு ஒன்று கிராமி பரிந்துரைக்குப் போனது அதில்தான் முதல்முறை. செல்லோவை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.

கேள்வி: என் மகள் எப்போதும் கட்டைகளை அடுக்கிக் கட்டும் ‘மைன்கிராஃப்ட்’ கேம்தான். இதனால் கற்பனை வளரும் என்கிறாள். நம்பலாமா?

பதில்: விளையாடினால் மட்டும் வளர்ந்துவிடாது, ஐயா. ஆனால் அவள் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். ஆட்டத்தை நிறுத்தியதும், தான் கட்டியதை நினைவிலிருந்து தாளில் வரையச் சொல்லுங்கள். ஜன்னல் இடம் மாறும், இல்லாத அறை ஒன்று முளைக்கும். திருத்தாதீர்கள். அந்த அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.