கோப்பை இல்லாத இகின்லா சிறந்த விங்கரா?
வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உயரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை ஒருமுறைகூட வெல்லாத ஜரோம் இகின்லாவை, கனடாவின் தலைசிறந்த ஐஸ் ஹாக்கி விங்கர்களுள் (பக்கவாட்டில் ஆடும் தாக்குதல் வீரர்களுள்) ஒருவராகக் கருதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கருதலாம். எட்மன்டனில் பிறந்த அவரை 1995-இல் டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்து, அவ்வாண்டே கால்கரி ஃப்ளேம்ஸுக்கு விட்டுக்கொடுத்தது. 2001–02 பருவத்தில் 52 கோல்களுடன் என்.எச்.எல். எனும் வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கித் தொடரிலேயே முதலிடம் பிடித்தவர், மொத்தம் 625 கோல்கள் அடித்து, 2020-இல் ஹாக்கி புகழ் மன்றத்துக்கும் தேர்வானார். 2004-இல் டாம்பா பே அணிக்கு எதிரான இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில்தான் கோப்பை கைநழுவியது என்பது இன்றும் மனதை வருத்துகிறது. ஆனால், கோல் அடிப்பது மட்டுமே விங்கரின் வேலையன்று. 2010 வான்கூவர் ஒலிம்பிக் இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில், தடுப்புச் சுவரோரம் அமெரிக்க வீரர் நெருக்க, பனித்தரையில் விழுந்துகொண்டே இகின்லா தள்ளிவிட்ட வட்டைத்தான் சிட்னி கிராஸ்பி தங்கம் வென்ற கோலாக மாற்றினார்.